நீச்சல் வீராங்கனை பானி டுராக்



ஒலிம்பிக் விளையாட்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர் நாவில் முதலில் வந்து நிற்கும் பெயர்கள் சிலவே. 1948ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்ற டங்கன் வைட்டை நினைப்போம். 2000ஆம் ஆண்டு சிட்னி நகரில் பதக்கம் பெற்று நாட்டுக்குப் பெருமை தேடித் தந்த சுசந்திகா ஜயசிங்கவை நினைப்போம். சுசந்திகா ஓடிய அதே சிட்னி நகரத்திலே, அதற்கு ஏறக்குறைய நூற்றுப்பத்து ஆண்டுகளுக்கு முன்னர் பிறந்த ஒரு பெண்மணியைப் பற்றியே இன்று உங்களோடு உரையாட விரும்புகின்றேன். அவர் பெயர் பானி டுராக். ஒலிம்பிக் வரலாற்றில் பெண்களுக்கென முதன்முதல் நடத்தப்பட்ட நீச்சற் போட்டியில் முதலிடம் பெற்றவர் அவரே. ஆயினும் அவர் பிறந்த நாட்டுக்கு வெளியே அவரை அறிந்தவர் மிகச் சிலர்.

அவர் நீந்திய வேகத்தைக் காட்டிலும், நீந்துவதற்கு அவர் அனுமதி பெற்ற வரலாறே என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. ஒரு நூறு மீற்றர் தூரத்தை அவர் ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் நீந்தி முடித்தார். அந்த நீர்க்கரையை அடைவதற்கோ பல மாதங்கள் போராட நேர்ந்தது. அந்தப் போராட்டத்தில் அவரைத் தடுத்து நின்றவர்கள் கெட்டவர்களும் அல்லர். பெண்குலத்தின் பகைவர்களும் அல்லர். இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொண்டு கேட்குமாறு வேண்டுகின்றேன்.

சாரா பிரான்செஸ் டுராக் என்பது அவரது முழுப் பெயர். 1889ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 27ஆந் திகதி சிட்னியிலே, அயர்லாந்து நாட்டிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு ஆறாவது பிள்ளையாகப் பிறந்தார். தந்தையார் மதுச்சாலை நடத்தி வந்தவர். செல்வக் குடும்பமென்று சொல்வதற்கில்லை.

சிட்னி கடலோர நகரம். கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் வெண்மணற் கரையும் நீலக் கடலும். இப்படிப்பட்ட ஊரிலே பிறந்தவர்கள் கடலிலே நீந்தி வளர்ந்திருப்பார்கள் என்றே நாம் எண்ணுவோம். உண்மை அதுவன்று. பானி பிறந்த காலத்திலே, காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரை மற்றவர் கண்ணிற் படும்படியாகக் கடலிற் குளிப்பதைச் சட்டம் தடை செய்திருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இதுவே விதி. 1902ஆம் ஆண்டு மான்லி என்னுங் கடற்கரையில், பத்திரிகை ஆசிரியர் வில்லியம் கோக்கர் என்பவர், முன்கூட்டியே அறிவித்துவிட்டு நண்பகலிலே கடலில் இறங்கிக் குளித்தார். அதன் பின்னரே அச் சட்டம் தளரத் தொடங்கியது.

ஆகவே நீந்த விரும்பியோர் கடலோரப் பாறைகளுக்கிடையே சுவரெழுப்பிக் கட்டிய குளிப்பிடங்களையே நாடினர். அலை வந்து நீரை நிரப்பும். சுவர் சுறாமீனையும் வேற்றார் பார்வையையும் தடுக்கும். கூஜி என்னுங் கடற்கரையில் பெண்களுக்கென்றே அமைந்த குளிப்பிடம் ஒன்று 1886ஆம் ஆண்டு முதல் இருந்து வருகின்றது. இந்தக் கூஜிக் கடற்கரையின் குளிப்பிடத்திலேதான் சிறுமி பானி நீச்சல் பழகினார்.

பழகியது எந்த நீச்சல்? தவளையைப் போலக் கைகால்களை விரித்துச் சுருக்கி நெஞ்சால் நீரைத் தள்ளிச் செல்லும் மார்பு நீச்சல். அக்காலத்திலே பெண்களுக்கு அந்த ஒரு முறையில் மாத்திரமே பட்டப் போட்டி நடைபெற்றது. 1906ஆம் ஆண்டு, பதினேழாவது வயதையொட்டி, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பட்டத்தை அவர் முதன்முறையாக வென்றார். அடுத்துவந்த சில ஆண்டுகள் அவரே அந்நாட்டின் பெண் நீச்சற்காரருள் முதல்வராக விளங்கினார்.

இங்கே நீச்சல் முறைகளைப் பற்றிச் சிறிது கூறுதல் பொருந்தும். ஐரோப்பியர் நெடுங்காலம் மார்பு நீச்சலையே நாகரிகமான நீச்சல் என்று கொண்டிருந்தனர். 1873ஆம் ஆண்டு ஜோன் ட்ரட்ஜன் என்னும் ஆங்கிலேயர், கைகளை மாறி மாறி நீருக்கு மேலாக வீசி நீந்தும் முறை ஒன்றை லண்டனிலே செய்து காட்டினார். கை வீச்சு புதியது. காலடியோ கத்தரிக்கோலை விரித்து மூடுவது போன்ற பழைய முறை. பின்னர், சொலமன் தீவுகளிலிருந்து சிட்னிக்கு வந்த அலிக் விக்கம் என்னுஞ் சிறுவன், தன் தீவு மக்கள் நெடுங்காலமாக நீந்திவந்த விதத்திலே, கைகளை வீசிக்கொண்டு கால்களை மேலுங் கீழுமாக அடித்து நீந்துவதைச் சிட்னி மக்கள் வியப்போடு பார்த்தனர். கவில் என்னும் நீச்சற் குடும்பத்தைச் சேர்ந்த சகோதரர்கள் இம்முறையைப் போட்டிகளிற் கையாண்டு பரப்பினர். உலகம் இதனை அவுஸ்திரேலியக் ‘கிரோல்’ என்று அழைக்கலாயிற்று. தீவுச் சிறுவர்கள் விளையாட்டாய் நீந்திய முறை, இன்று உலகமெங்கும் அதிவேக நீச்சலாக நிலைபெற்றிருக்கின்றது.

பானி முதலில் மார்பு நீச்சலிலிருந்து ட்ரட்ஜன் முறைக்கும், 1911ஆம் ஆண்டளவில் கிரோல் முறைக்கும் மாறினார். பட்டங்கள் பல வென்ற பின்னர், பழகிய முறையைக் கைவிட்டுப் புதிய முறையைத் தொடக்கத்திலிருந்து பயில்வது எளிய காரியமன்று. தாம் நன்கறிந்ததை விட்டுவிட மனமில்லாமையே நம்மிற் பலர் ஓரிடத்தில் நின்றுவிடுவதற்குக் காரணமாகின்றது. பானி அவ்வாறு நின்றுவிடவில்லை.

அவருக்கு இணையான போட்டியாளர் ஒருவரும் அந்நகரத்திலேயே இருந்தார். மினா வைலி என்பது அவர் பெயர். வயதிலே பானியிலும் ஏறக்குறைய இரண்டாண்டு இளையவர். மினாவின் தந்தை 1907ஆம் ஆண்டு கூஜியிலே ஒரு கடற் குளிப்பிடம் அமைத்தவர். அது இன்றும் அவர் குடும்பப் பெயராலேயே வழங்குகின்றது. 1911ஆம் ஆண்டு நடந்த போட்டிகளில் மினா, பானியைத் தோற்கடித்ததும் உண்டு. நீரில் இருவரும் போட்டியாளர். கரையில் உற்ற தோழியர்.

1912ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டுகள் சுவீடன் நாட்டின் தலைநகரான ஸ்டொக்ஹோமில் நடைபெற ஏற்பாடாயிற்று. நவீன ஒலிம்பிக் 1896இல் ஏதென்ஸ் நகரில் ஆரம்பமானபோது பெண்களுக்கு அதில் இடமே இருக்கவில்லை. அதனைத் தோற்றுவித்த பிரான்சியப் பெருமகன் கூபெர்த்தான் பிரபுவே பெண்கள் கலந்துகொள்வதை விரும்பாதவர். 1900ஆம் ஆண்டு டென்னிஸ் முதலிய சிலவற்றில் பெண்கள் சேர்க்கப்பட்டனர். நீச்சலிலோ, 1912ஆம் ஆண்டிலேதான் முதன்முதலாகப் பெண்களுக்கு வழி திறந்தது. அதுவும் தனியாக நீந்தும் போட்டி ஒன்று, நால்வர் சேர்ந்து நீந்தும் அஞ்சல் நீச்சல் ஒன்று, இவை மட்டுமே.

பானியும் மினாவும் உலகத்திலேயே மிகச் சிறந்த பெண் நீச்சற்காரர் என்று சொல்லத்தக்க நிலையில் இருந்தனர். அவர்கள் போகலாகாதா? போகலாகாது என்றது அவர்களுடைய சொந்தச் சங்கம். நியூ சவுத் வேல்ஸ் மகளிர் நீச்சற் சங்கத்தின் விதிப்படி, ஆண்கள் கூடியிருக்கும் போட்டிகளிலே பெண்கள் நீந்துதல் தடை செய்யப்பட்டிருந்தது. ஸ்டொக்ஹோமில் ஆண்கள் இல்லாமற் போட்டி நடக்குமா? எனவே விதியை மாற்றினாலன்றி வழியில்லை.

அச் சங்கத்தின் தலைவியாக இருந்தவர் ரோஸ் ஸ்கொட் என்னும் அம்மையார். நேயர்களே, இவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இக்கதையைச் சொன்னால் அது நீதியாகாது. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமென்று 1891ஆம் ஆண்டில் அமைந்த சங்கத்தின் செயலாளராக நின்று, ஊரூராகப் பேசி, அரசியல்வாதிகளிடம் வாதாடி, 1902ஆம் ஆண்டு அம்மாநிலப் பெண்களுக்கு அவ்வுரிமை கிட்டும்வரை ஓயாது உழைத்தவர் அவர். கடைகளிலே நெடுநேரம் நின்று வேலை செய்து களைத்த இளம் பெண்களின் வேலை நேரத்தைக் குறைப்பதற்காகப் பாடுபட்டவர். சிறுமியரைக் காமுகரிடமிருந்து காப்பதற்கான சட்டத்தை வற்புறுத்தி வெற்றி கண்டவர். அவர் தம் வாழ்நாள் முழுவதும் மணம் புரியாது பொதுப்பணிக்கே தம்மை ஒப்படைத்தவர்.

இத்தகைய அம்மையாரே, நீச்சல் உடையணிந்த இளம் பெண்கள் ஆண்களின் பார்வைக்கு முன்னே நிற்பதை ஒப்பவில்லை. அது பெண்களின் நாணத்துக்கும் மதிப்புக்கும் குறைவு விளைக்கும் என்று அவர் மெய்யாகவே அஞ்சினார். ஆண்களாற் பெண்களுக்கு நேர்ந்த தீங்குகளை ஆயுட்காலமெல்லாம் கண்டும் கேட்டும் வந்தவர் அவர். அந்த அச்சம் வீணானது என்று நாம் இன்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் பிள்ளைகளைக் காக்க வேண்டும் என்ற அன்பிலிருந்தே அந்த அச்சம் பிறந்தது. அன்பினால் எழுப்பப்பட்ட மதிலாயினும், உள்ளே இருப்பவருக்கு அது மதில்தான்.

பத்திரிகைகளில் வாதம் மூண்டது. பானியும் மினாவும் போகவேண்டும் என்று பொதுமக்கள் குரல் எழுப்பினர். இறுதியில் சங்கத்து உறுப்பினர்கள் விதியைத் தளர்த்தினர். ரோஸ் ஸ்கொட் அம்மையார் தம் கொள்கையை விடாது தலைவிப் பதவியைத் துறந்தார்.

ஒரு தடை நீங்கியது. மற்றொரு தடை வந்தது. ஒலிம்பிக் குழுவுக்கு வீரர்களைத் தெரிவு செய்தவர்கள், பெண்களை அனுப்பப் பணமில்லை என்றனர். தங்கள் செலவைத் தாங்களே ஏற்றுக்கொள்வதானால் அவர்கள் போகலாம் என்று முடிவாயிற்று. அப்பொழுது குத்துச்சண்டைப் போட்டிகளை நடத்திவந்த ஹூ மக்கின்டொஷ் என்பவரின் மனைவியார் முன்வந்து நிதி திரட்டினார். பொதுமக்கள் மனமுவந்து கொடுத்தனர். பானிக்குத் துணையாக அவர் சகோதரி மேரியும், மினாவுக்குத் துணையாக அவர் தந்தையும் உடன் சென்றனர். இவ்வாறு, அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து அனுப்பிய குழுவிலே பெண்கள் இருவர் மாத்திரம் இடம்பெற்றுக் கடல் கடந்து சென்றனர்.

அமெரிக்கா அவ்வாண்டு நீச்சலுக்குப் பெண் ஒருவரையேனும் அனுப்பவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அந்நாட்டு விளையாட்டுச் சங்கத்தை நடத்தியவர்கள் பெண்கள் பங்குபற்றுவதை எதிர்த்தமையே காரணம். ஆகவே இது சிட்னியில் மட்டும் நிலவிய எண்ணமன்று. அக்காலத்து உலகத்தின் எண்ணம்.

ஸ்டொக்ஹோமில் இன்றுள்ளதைப் போன்ற ஓடு பதித்த நீச்சற் குளம் இருக்கவில்லை. கடல் உள்நோக்கி வந்த ஒரு கழியிலே மரத்தால் மேடையமைத்து, நேராக நூறு மீற்றர் அளந்து விட்டிருந்தனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனி வழியைப் பிரித்துக் காட்டும் கயிறுகளும் இல்லை. எட்டு நாடுகளைச் சேர்ந்த இருபத்தேழு பெண்கள் நூறு மீற்றர் நீச்சலிற் கலந்துகொண்டனர்.

அப்பொழுது உலக சாதனை, பிரித்தானியாவைச் சேர்ந்த டெய்சி கேர்வன் என்பவரிடம் இருந்தது. 1 நிமிடம் 20.6 செக்கன் என்பது அச்சாதனை. பானி முதற்சுற்றிலேயே 1 நிமிடம் 19.8 செக்கனில் நீந்தி அதனை முறியடித்தார். இறுதிப் போட்டியில் இவ்விருவரும் சந்திப்பார்கள் என்று யாவரும் எதிர்பார்த்தனர். ஆனால் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றிருந்த கேர்வனுக்குத் திடீரெனக் குடல்வால் அழற்சி கண்டு, அவரை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்று சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்தது. வெல்லக்கூடிய ஒருத்தி படுக்கையிற் கிடக்க, மற்ற ஐவர் நீரில் இறங்கினர். இந்தச் செய்தியை நேயர்கள் மறவாதிருக்க வேண்டும். காலம் இதே விளையாட்டைப் பின்னொரு நாள் பானியிடமும் ஆடிக் காட்டியது.

யூலை மாதம் 12ஆந் திகதி இறுதிப் போட்டி நடைபெற்றது. பானி 1 நிமிடம் 22.2 செக்கனில் முதலாவதாக வந்தார். மினா வைலி 1 நிமிடம் 25.4 செக்கனில் இரண்டாவதாக வந்தார். பிரித்தானியாவின் ஜெனி பிளெட்சர் 1 நிமிடம் 27 செக்கனில் மூன்றாவதாக வந்தார். யாருக்குப் பணமில்லை என்று சொன்னார்களோ அந்த இருவருமே தங்கமும் வெள்ளியுங் கொண்டு கரையேறினர். அந்த ஒலிம்பிக்கிலே வழங்கப்பட்ட தங்கப் பதக்கங்களே முழுவதும் பொன்னாலான கடைசிப் பதக்கங்கள். பின்னர் வந்தவை வெள்ளியின் மேற் பொன்முலாம் பூசியவை.

ஓர் அருமையான ஒற்றுமையைச் சொல்லுகின்றேன். 1896ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான நூறு மீற்றர் நீச்சலில் வென்றவர் ஹங்கேரி நாட்டு ஹாயோஷ். குளிர்ந்த கடலிலே அவர் நீந்தி முடித்த நேரம் 1 நிமிடம் 22.2 செக்கன். பதினாறு ஆண்டுகளின் பின் பானி இறுதிப் போட்டியில் எடுத்த நேரமும் அதே 1 நிமிடம் 22.2 செக்கன். கடல் வேறு, நீச்சல் முறை வேறு. ஆகையால் இரண்டையும் தராசில் வைத்து நிறுத்தல் பொருந்தாது. ஆயினும், பெண்ணுடல் இதற்குத் தகாது என்று பேசியவர்களுக்கு அந்த எண்ணே போதிய விடையாக அமைந்தது.

அஞ்சல் நீச்சலிலும் தாங்கள் இறங்க விரும்புவதாக இருவரும் கேட்டனர். அதற்கு நால்வர் வேண்டும், வந்திருந்தவர்களோ இருவர். ஒவ்வொருவரும் இரண்டு தடவை நீந்துகிறோம் என்றார்கள். விதி இடந்தரவில்லை. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். உலகத்தார் முன்னிலையில் அப்படிக் கேட்பதற்கு எவ்வளவு உடல் வலிமையும் மனவலிமையும் வேண்டும் என்பதையும் சிறிது எண்ணிப் பாருங்கள்.

ஒலிம்பிக்கின் பின்னரும் பானியின் வேகம் குறையவில்லை. 1912ஆம் ஆண்டுக்கும் 1918ஆம் ஆண்டுக்கும் இடையிலே பன்னிரண்டு உலக சாதனைகளை அவர் நிலைநாட்டினார். நூறு யார் முதல் ஒரு மைல் வரையுள்ள தூரங்களின் சாதனைகள் அவர் பெயரிலே இருந்த காலமும் உண்டு. 1915ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் சிட்னியிலே நூறு மீற்றரை 1 நிமிடம் 16.2 செக்கனில் நீந்தினார். ஐந்தாண்டு காலம் அதனை எவரும் விஞ்சவில்லை. அக்காலத்தில் அவருக்கு வயது இருபத்தைந்து. நீச்சல் ஆற்றல் உச்சத்தில் இருந்த பருவம். 1916ஆம் ஆண்டு ஒலிம்பிக் பெர்லின் நகரில் நடைபெற இருந்தது. முதலாம் உலக யுத்தம் மூண்டு, அந்த ஒலிம்பிக் நடைபெறாமலே போயிற்று. எத்தனையோ இலட்சம் இளைஞர் உயிரிழந்த அந்த யுத்தத்தின் முன்னே ஒரு பதக்கம் பெரிதன்றுதான். எனினும், ஒரு வீராங்கனையின் வாழ்விலே நான்காண்டு என்பது மீண்டும் வாராத காலம்.

1918ஆம் ஆண்டு பானியும் மினாவும் அமெரிக்காவுக்குப் பயணமாயினர். தங்கள் நாட்டு நீச்சற் சங்கத்தின் ஒப்புதலைப் பெறாமற் சென்றமையால், சங்கம் அவர்களுக்குத் தடை விதித்தது. மறு ஆண்டும் அமெரிக்கா சென்றனர். முகாமையாளருக்குரிய செலவு கொடுபடும்வரை நீந்தமாட்டோம் என்று அவர்கள் மறுத்து நிற்க, பணத்துக்காக விளையாடாதவர் என்ற அவர்களுடைய தகுதிக்கே ஆபத்து வந்தது. அக்காலத்திலே இத்தகுதியை இழந்தவர் எந்தப் போட்டியிலுங் கலந்துகொள்ள இயலாது. இவ்விடயத்திற் குற்றம் யாருடையது என்று இன்று தீர்ப்புக் கூறுவது எளிதன்று. வீட்டுச் செல்வமில்லாத ஒரு பெண் உலகெங்குஞ் சென்று நீந்த வேண்டுமாயின், யாரோ ஒருவர் அதற்குச் செலவிடத்தான் வேண்டும். இந்த உண்மையை அக்காலத்து விதிகள் கருத்திற் கொள்ளவில்லை என்று மாத்திரம் சொல்லலாம். அமெரிக்காவிலே அவர் எதெல்டா பிளைப்ட்ரி என்னும் இளம் பெண்ணிடம் தோல்வியையும் கண்டார்.

1920ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டின் அன்ட்வேர்ப் நகரில் ஒலிம்பிக் மீண்டும் கூடியது. தம் பட்டத்தைக் காத்துக்கொள்ளப் பானிக்கு மற்றொரு வாய்ப்பு. அவுஸ்திரேலியக் குழு புறப்படுவதற்கு ஒரு வாரமே இருந்தது. அந்த வேளையிலே அவருக்குக் குடல்வால் அழற்சி கண்டு சத்திரசிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. அதனைத் தொடர்ந்து நெருப்புக் காய்ச்சலும், நுரையீரல் அழற்சியும் வந்து வாட்டின. குழு அவரின்றியே சென்றது. எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் டெய்சி கேர்வனைப் படுக்கையிற் கிடத்திய அதே நோய், இப்பொழுது பானியையும் படுக்கையிற் கிடத்தியது. அன்ட்வேர்ப்பில் எதெல்டா பிளைப்ட்ரி 1 நிமிடம் 13.6 செக்கனில் நீந்திப் பட்டத்தைக் கைக்கொண்டார்.

1921ஆம் ஆண்டு சனவரி மாதம் பானி போட்டிகளிலிருந்து விலகினார். அதே மாதம், குதிரைகளைப் பயிற்றும் தொழிலுடைய பேர்னாட் கேற்லி என்பவரை மணம் புரிந்தார். அதன் பின்னர் அவர் விரும்பிச் செய்த பணி சிறு பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பித்தல். ஒரு காலத்தில் எந்த மகளிர் சங்கத்தின் விதி அவரைத் தடுத்து நின்றதோ, அம்மாநிலத்து மகளிர் நீச்சற் சங்கமே பிற்காலத்தில் அவரை ஆயுட்கால உறுப்பினராக்கி மதிப்பளித்தது. 1956ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆந் திகதி, புற்றுநோயினால், தமது 66ஆவது வயதில் சிட்னியிலே காலமானார்.

அதே 1956ஆம் ஆண்டின் இறுதியில் அவர் நாட்டிலேயே, மெல்பேர்ண் நகரில், ஒலிம்பிக் நடைபெற்றது. பெண்களுக்கான நூறு மீற்றர் நீச்சலிலே சிட்னிப் பெண்ணான டோன் பிரேசர் 1 நிமிடம் 2 செக்கனில் நீந்தி வென்றார். அடுத்த இரண்டு இடங்களையும் பெற்றவர்கள் அவுஸ்திரேலியப் பெண்களே. பானி வென்ற அந்தப் பட்டம் நாற்பத்துநான்கு ஆண்டுகளின் பின் அவர் நாட்டுக்குத் திரும்பியது. இன்னும் எட்டு மாதம் வாழ்ந்திருந்தாராயின் அதனைக் கண்ணாரக் கண்டிருப்பார். 1967ஆம் ஆண்டு உலக நீச்சல் வீரர்களின் புகழ் மண்டபத்தில் அவர் பெயரும் சேர்க்கப்பட்டது.

நேயர்களே, இத்தனை தொலைவிலுள்ள ஒருவரின் கதையை ஒரு பாடசாலை அதிபர் இங்கு வந்து ஏன் சொல்லவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கான காரணத்தை ஒளிக்காமற் சொல்லிவிடுகின்றேன்.

நான் பணியாற்றியது கடலும் களப்பும் சூழ்ந்த ஓர் ஊர்ப் பாடசாலை. அவ்வூரில் ஆண் பிள்ளைகள் நடக்கப் பழகிய சில காலத்திலேயே நீந்தவும் பழகிவிடுவார்கள். பெண் பிள்ளைகளோ கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி கடல் பொங்கி வந்த அந்தக் காலைப் பொழுதை நம்மில் யார் மறப்பார்? மறு ஆண்டு ஒக்ஸ்பாம் நிறுவனம் வெளியிட்ட அறிக்கையொன்று, ஆராயப்பட்ட பல கிராமங்களிலே இறந்த பெண்களின் தொகை ஆண்களின் தொகையிலும் மிகக் கூடுதலாயிருந்தது என்று கூறியது. இலங்கையைப் பொறுத்தவரையில், நீந்துதலும் மரமேறுதலும் ஆண் பிள்ளைகளுக்கே பழக்கப்படுவதை அதற்குரிய காரணங்களுள் ஒன்றாகக் காட்டியது.

இது நிகழ்ந்து சில ஆண்டுகளின் பின்னர், எங்கள் பாடசாலைப் பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்க ஓர் ஏற்பாடு வந்தது. பெயர் கொடுத்தவர்களுள் பதினான்கு வயது மாணவி ஒருத்தியும் இருந்தாள். அவளுடைய தந்தை கடற்றொழிலாளி. “பிள்ளை பழகட்டும்” என்று அவர் கையொப்பமிட்டுத் தந்துவிட்டார். நானோ அந்தப் பட்டியலைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பிள்ளைகள் நனைந்த உடையோடு கரையில் நிற்பார்கள். ஊரார் ஒன்று சொன்னால் அவர்களுக்குத்தானே பழி என்று எண்ணினேன். பிள்ளைகளைக் காப்பதாகவே மெய்யாக நம்பினேன். ஊரார் எவரும் என்னிடம் வந்து அதுவரை ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அவர்கள் சொல்லக்கூடும் என்று நானே எண்ணிக்கொண்டேன்.

பானி டுராக்கின் வரலாற்றை அதன் பிறகே நான் வாசித்தேன். வாசித்து வருகையில் ரோஸ் ஸ்கொட் அம்மையாரின் முகத்திலே என் முகத்தைக் கண்டேன். அம்மையார் செய்த பெருந்தொண்டில் நூற்றிலொரு பங்கும் நான் செய்ததில்லை. அவர் செய்த தவற்றை மட்டும் செய்துவிட்டேன். அடுத்த ஆண்டு அதே ஏற்பாட்டை நானே கேட்டுப் பெற்றேன். பெற்றோரை அழைத்துப் பேசினேன். பெண் ஆசிரியர்கள் உடன் நிற்க, பிள்ளைகள் களப்பில் இறங்கினார்கள். ஊரார் வந்து பார்த்தார்கள், ஒருவரும் பழிக்கவில்லை. ஆனால் அந்த மாணவி அப்பொழுது பாடசாலையை விட்டு விலகியிருந்தாள். நான் மறுத்த அந்த ஓராண்டை அவளுக்குத் திருப்பிக் கொடுக்க என்னால் இயலவில்லை.

பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளுக்கு வேலி போடுவது இயல்பு. வேலி வேண்டாமென்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஆண்டுக்கொருமுறையாவது அந்த வேலியைச் சுற்றி நடந்து பார்த்து, இது இன்னமும் பயிரைக் காக்கின்றதா, அன்றிப் பயிரின் மேல் நிழலை வீழ்த்தி நிற்கின்றதா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். 1912ஆம் ஆண்டு சிட்னியில் அந்தச் சங்கத்துப் பெண்கள் அப்படிக் கேட்டுப் பார்த்தார்கள். தாங்கள் மதித்த தலைவியின் சொல்லையும் மீறி, விதியைத் தளர்த்தினார்கள். பானி டுராக்கின் வெற்றியில் அவர்களுக்கும் பங்குண்டு.

உங்கள் ஊரிலே கடலோ களப்போ குளமோ இருக்குமாயின், உங்கள் பெண் பிள்ளைகளுக்கும், தகுந்த பாதுகாப்போடு, நீந்தக் கற்றுக்கொடுங்கள். அவர்கள் எல்லோரும் ஒலிம்பிக் பதக்கம் பெறப்போவதில்லை. தண்ணீரைக் கண்டு அஞ்சாமல் வாழ்ந்தாலே போதும்.